வேய்மலைக்கு வராத சுவடி

மூங்கிற் காடுகள் காலமல்லாக் காலத்தில் பூவாதிருக்க, மலைச்சுனைகள் கோடையிலும் வற்றாதிருக்க, எல்லைக் காவலர் வில்லின் நாண் தளர்த்தி இளைப்பாறும்படி பகை தணிந்திருக்க, வேயூர் அரண்மனையில் வீற்றிருந்து வேய்மலை நாடு முழுதும் ஆண்டருளும் நங்கை பூதிமாதேவியார் திருமுன்பு, மருதவெளி நாடுடைய எழிலரைய மன்னரின் ஓலைநாயகம் நக்கன் கொற்றன் வணங்கி எழுதும் ஓலை.

மன்னர்தம் திருமுகங்களை எழுதுவதே என் தொழில். இளமை தொட்டு இன்றுவரை இந்நாட்டு அரசர் மொழிந்த சொல்லையெல்லாம் ஏட்டில் ஏற்றியவன் யான். அவற்றுள் ஒன்றையேனும் தொடங்கிவிட்டு அழித்ததில்லை. இவ்வோலையையோ தொடங்கினேன், விட்டேன், எழுந்து நடந்தேன், மீண்டும் தொடங்கினேன். என் பொருட்டு யானே எழுதும் முதல் ஓலை இது என்பதால் அவ்வாறு ஆயிற்று போலும். மன்னரின் இசைவு பெற்றே எழுதுகிறேன். எனினும் இதில் குறை காணின், அக்குறை என்னோடு நிற்க, அவர்மேல் ஏறாதிருக்க.

தேவரீர் விடுத்த ஓலை கிடைத்தது. என் வீட்டுச் சுவடிகள் அனைத்தும் வந்து சேரவில்லை என்றும், மழைக்குறி என்னும் சுவடி ஒன்று குறைகிறது என்றும், அது வரும்வரை வாணியந்துறை ஓடக்காரர் வேயூர்ச் சிறையிலேயே இருப்பர் என்றும் அதில் கண்டேன். இதற்கு விடையை ஒரே வரியில் எழுதலாம். ஆனால் நடந்தது முழுவதையும் தேவரீர் அறிய வேண்டும் என்று என் மனம் அடங்காமல் கேட்கிறது. பொறுத்துக் கேட்டருள்க.

காழியாற்று நீர் எவர்க்கு என்னும் வழக்கு முற்றிச் சென்ற மாசியில் தேவரீரின் குதிரைப்படை வாணியந்துறையில் இறங்கியது. அன்று அத்துறையின் அக்கரையில் சந்தை. ஓடம் விடுவோரும் உப்பு விற்போரும், சந்தைக்கு வந்த பெண்டிரும் பிள்ளைகளுமாக ஓர் ஊர் அளவு மக்கள் சிறைப்பட்டு மலையேறினர். மீட்புக்குப் பொன்னும் நெல்லும் தருவதாக எம் மன்னர் தூது விடுத்தார். தேவரீர் பொன்னைத் தொடவில்லை. தேவரீரின் தந்தையார் காலத்தில் எம் படை வேயூரைக் கொளுத்தியபோது அவர்தம் சுவடிச்சாலை எரிந்தது என்றும், அச்சாம்பலின் முன் அவர் அமர்ந்திருந்ததைச் சிறுமியாயிருந்த தேவரீர் கண்டீர் என்றும், ஆதலால் மருதவெளியில் சுவடிகளால் பெயர்பெற்றவன் எவனோ அவன் வீட்டு ஏடுகள் அனைத்தும் வருமாயின் சிறைப்பட்டோர் அனைவரும் மீள்வர் என்றும் தூதரிடம் சொல்லி அனுப்பினீர்.

அவ்வாறு பெயர்பெற்றவன் யான் ஒருவனே.

மன்னர் என்னைத் தனியே அழைத்தார். ஆணையிட்டு வாங்கத் தமக்கு மனமில்லை என்றும், அவை என்னுடையவை என்றும், கேட்க மட்டும் செய்வதாகவும் கூறினார். ஆணையிட்டிருந்தால் எளிதாயிருந்திருக்கும், அவரை வெறுத்துக்கொண்டே கொடுத்திருப்பேன். இசைந்தேன். ஒரு சொல்தான்.

அச்சுவடிகள் எவ்வாறு சேர்ந்தன என்பதைத் தேவரீர் அறியீர். தூது சென்ற நாடுகளிலிருந்து மற்றையோர் பட்டும் குதிரையும் கொண்டுவந்தனர். யான் ஏடு கொண்டுவந்தேன். மன்னர் எனக்கு நிலம் அளிக்க முன்வந்த ஆண்டில், நிலத்துக்கு மாறாக ஒரு மடத்தில் கேட்பாரற்றுக் கிடந்த மருத்துவச் சுவடிகளைக் கேட்டுப் பெற்றேன், அவையோர் சிரித்தனர். ஒரு சமையல் நூலுக்காக, அதை உடைய மூதாட்டிக்கு வெள்ளைப் பூனைக்குட்டி ஒன்று தேடி மூன்று ஊர் அலைந்தேன். என் மனைவி காரிநங்கையின் காதணி ஒரு வானநூலாக மாறியது. அவள் அதைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை. வேறு காதணி அணிந்ததும் இல்லை.

அவற்றை அடுக்கிய முறையும் என்னுடையதே. ஒன்றையொன்று மறுக்கும் நூல்களை அடுத்தடுத்து வைத்தேன். ஒருவன் நோய்க்குக் காரணம் நீர் என்பான், அவனருகே காரணம் காற்று என்பவன் இருப்பான். அறைக்குள் நுழையும்போதெல்லாம் அவர்கள் வழக்காடிக்கொண்டிருக்க யான் இடையில் புகுந்ததுபோல் இருக்கும். வேயூர்ப் புலவர் அவற்றைப் பொருள்வாரியாகப் பிரித்து அடுக்கியிருப்பர் என்று எண்ணும்போது இப்போதும் எழுந்து நடக்கத் தோன்றுகிறது.

சித்திரையில் வண்டிகள் வந்தன. ஏவலர் கையில் விடாமல் ஒவ்வொன்றையும் யானே துணியில் பொதிந்தேன். பொதியுமுன் ஒவ்வொன்றிலும் ஒரு வரி படித்தேன். ஆதலால் வேலை நகரவில்லை. வண்டித் தலைவன் நல்லவன். அவிழ்த்த மாடுகளை மீண்டும் மேயவிட்டு ஒதுங்கி நின்றான். இலையில் வைத்த சோறு காய்ந்தது. காரிநங்கை தூணருகே நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் என்ன எண்ணினாள் என்பதை அன்று யான் கேட்கவில்லை.

காழியாற்றில் முழங்காலளவே நீர் ஓடிற்று. இக்கரையிலிருந்து வண்டிகள் இறங்கின. அக்கரையிலிருந்து மக்கள் இறங்கினர். நடு ஆற்றில் இரு கூட்டமும் ஒன்றையொன்று கடந்தன. தாயைக் கண்ட பிள்ளைகளும் பிள்ளையைக் கண்ட தந்தையரும் நீரைச் சிதறிக்கொண்டு ஓடினர். கரையெங்கும் அழுகையும் சிரிப்பும். யான் மட்டும் கடைசி வண்டியின் பின்புறத்தை, அது அக்கரை நாணலில் மறையும்வரை பார்த்து நின்றேன். என் காலருகே ஒரு முதியவர் ஈரத்தோடு குனிந்து மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவர் என்னை இன்னான் என்று அறியார். அவரிடம் ஒரு சொல் நலம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

ஆயினும் எல்லோரும் வரவில்லை. புலவர் ஏடுகளைச் சரிபார்த்து முடிக்கும்வரை ஓடக்காரரைத் தேவரீர் நிறுத்திவைத்தீர். உடன்படிக்கையில் அதற்கு இடம் இருந்தது. அவ்வுடன்படிக்கையை எழுதியவனும் யானே.

அதன்பின் வந்த நாள்களை என்னவென்று எழுதுவேன். அரசவையில் ஐயம் ஒன்று எழும், வீட்டில் பார்த்துச் சொல்கிறேன் என்று வாய் தொடங்கும், பாதியில் நிற்கும், அவையோர் நிலம் நோக்குவர். வீட்டிலோ, பேசிக்கொண்டே கை மாடத்துக்கு நீளும், சுவர் தட்டும். வெற்றறையில் நெல் கொட்டலாமா என்று காரிநங்கை கேட்டாள். கூடாது என்றேன். மறுநாள் கொட்டு என்றேன். மூட்டை வந்தபோது மீண்டும் கூடாது என்றேன். இருந்தால் இருக்க முடியவில்லை, நடந்தால் நடக்க முடியவில்லை.

ஆடியில் ஆற்றில் புதுநீர் வந்தது. துறையில் ஓடங்கள் உண்டு, விடுவார் போதவில்லை. எம்மவர் உழும் அக்கரை வயல்கள் உழவின்றிக் கிடந்தன. அப்போதுதான் வேம்பி என்பவள் என் வாயிலுக்கு வரத் தொடங்கினாள். அவள் கணவன் நாகன் தேவரீர் சிறையில் உள்ள ஓடக்காரருள் ஒருவன். சந்தை நாளில் அவள் இக்கரையில் இருந்ததால் தப்பினாள். காலையில் வந்து வேலியோரம் அமர்வாள். அழமாட்டாள், குறையும் சொல்லமாட்டாள். அவள் பேச்சை ஓலைநடைக்குத் திருத்தினால் பொய்யாகிவிடும், கேட்டபடியே பொறிக்கிறேன்.

“ஐயா, உங்க ஏட்டையெல்லாம் எண்ணி முடிச்சிட்டாங்களா?” என்பாள்.

இன்னும் இல்லை என்பேன்.

“எண்ணத் தெரிஞ்சவங்கதானே அங்க இருப்பாங்க?”

அதில் ஏளனம் இல்லை. மெய்யாகவே அறிய விரும்பிக் கேட்டாள்.

இந்நிலையில் தேவரீரின் ஓலை வந்தது. அதில் இருந்த மிரட்டலை யான் எதிர்பார்த்ததுண்டு. எதிர்பாராதது அதன் இறுதியில் இருந்தது. என் ஏர்நூலின் ஓரத்தில் யான் கீறிய சிறு குறிப்பைத் தேவரீர் எழுத்துப் பிசகாமல் எடுத்தெழுதியிருந்தீர். எறும்பு முட்டை சுமந்து மேடேறினால் மழை தப்பாது என்று அந்நூல் கூறும் இடத்தில், “இது பொய், மழைக்குறி காண்க” என்று யான் கீறியிருந்தேன். மழைக்குறியைத் தேடியும் காணாததாலேயே சுவடி ஒன்று குறைவது தெரிந்தது என்றும், அது நிற்க, பொய் என்று கூறியது எதனால் என்றும் வினவியிருந்தீர்.

தேவரீர், மருதவெளியில் என் சுவடிகளைக் காணப் பலர் வந்ததுண்டு. எத்தனை என்பார், என்ன விலை என்பார், செல் அரிக்காதா என்பார். ஓரக்குறிப்பைப் படித்து ஏன் என்று கேட்டவர் ஒருவரும் இல்லை. அவ்வரியைப் படித்ததும் என் பொருளை வேறொருவர் கை தொட்டதே என்று உடல் எரிந்தது. அதே கணத்தில், நெடுநாள் காத்திருந்த விருந்தினர் வந்து கதவைத் தட்டியதுபோலும் இருந்தது. இரண்டும் ஒருங்கே இருந்தால் ஒருவன் எப்படி ஓரிடத்தில் அமர்வான்?

மழைக்குறி மற்றவற்றோடு வண்டியேறியது என்றே யான் உறுதியாக நம்பினேன். தேவரீரின் புலவருள் ஒருவர் அதைக் கவர்ந்துகொண்டு எம்மேல் பழி போடுகிறார் என்று கொண்டேன். அவ்வாறே கடுஞ்சொல்லால் ஓர் ஓலை வரைந்து மன்னரிடம் காட்டினேன். அதைக் கொண்டு தேவரீரின் தூதர் புறப்பட வேண்டிய காலையில், காரிநங்கை என் மேலாடையைப் பற்றி நெற்குதிரின் அருகே அழைத்துச் சென்றாள். தோள்வரை கையை நெல்லுக்குள் விட்டு, துணி சுற்றிய சுவடியொன்றை வெளியே எடுத்தாள்.

“வண்டியில ஏத்துறப்போ உங்க முகத்தைப் பார்த்தேன்,” என்றாள். “எல்லாம் போயிட்டா நீங்களும் பின்னாலேயே போயிடுவீங்கன்னு தோணிச்சு. ஒண்ணாவது இருக்கட்டும்னு எடுத்து வெச்சேன். கொஞ்ச நாள் ஆறினப்புறம் குடுக்கலாம்னு இருந்தேன். இதுக்காக அவங்க ஆளைப் பிடிச்சு வெச்சிருப்பாங்கன்னு எனக்குத் தெரியாது.”

அத்தனை சுவடிகளுள் எதை எடுக்க வேண்டும் என்று அவள் அறிந்திருந்தாள். மழைக்குறி அழகிய நூலன்று. ஓரங்கள் கறையான் தின்றவை. ஆனால் என் முதற் சுவடி அது. மீசை அரும்பாத காலத்தில், கரிசல் நிலத்து உழவர் ஒருவரிடம் அதைக் கண்டேன். விற்கமாட்டேன், கொல்லையைத் தாண்டி வெளியே விடவும் மாட்டேன் என்றார். அவர் மாடுகளை ஒரு கார்காலம் முழுவதும் மேய்த்து, மாலையில் தொழுவத்தில் அமர்ந்து படியெடுத்தேன். ஏடுகளில் இன்றும் சாணப்புகை மணக்கும். காரிநங்கைக்கு எழுத்தறிவு இல்லை. மணத்தைக் கொண்டே தெரிந்தெடுத்திருக்கிறாள்.

வாங்கினேன். நெல்லுமி ஒட்டியிருந்தது. உண்மையை மறைக்காமல் எழுதுகிறேன்: முதலில் வந்தது மகிழ்ச்சி. ஓடக்காரரின் நினைவு அதன் பின்னரே வந்தது.

கடுஞ்சொல் ஓலையைக் கிழித்தேன். உடனே சுவடியைத் தேவரீரின் தூதர் கையில் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. செல் அரித்து மண்ணாயிற்று என்று எழுதிவிடலாமா என்று ஒரு பொழுது எண்ணினேன். எழுத்தாணி அந்தச் சொல்வரை சென்று மீண்டது. பிறகு, படியெடுத்துக்கொண்டு மூலத்தை அனுப்புவதில் குற்றமில்லையே என்று எனக்கு யானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். தூதரிடம் உடல்நலமில்லை என்று சொல்லியனுப்பினேன். அவர் பண்புடையவர், மருந்து அனுப்பட்டுமா என்று கேட்டார்.

புது ஏடுகளை நறுக்கி அமர்ந்தேன். பார்க்காமலே எழுதிவிடலாம் என்று இறுமாந்திருந்தேன். எறும்பைப் பற்றிய இடம் வந்தது. “எறும்பை நம்பற்க” என்று இத்தனை ஆண்டும் பலரிடமும் சொல்லிவந்தேன், மன்னரிடமும் சொல்லியிருக்கிறேன். ஏட்டில் உள்ளதோ, “எறும்பை மட்டும் நம்பற்க, தட்டான் தாழப் பறத்தலும் உடன் காண்க” என்பது. என் கையாலேயே எழுதியது. நடுவில் உள்ள ஒரு சொல்லை என் நினைவு எப்போது தின்றது என்று தெரியவில்லை. கறையான் அதைத் தொடவில்லை.

மறுநாள் காலையில் வேம்பி வந்தாள். சாளரத்தின் வழியே யான் எழுதுவதைக் கண்டு அருகே வந்து நின்றாள்.

“இது யாருக்கு ஐயா?”

எனக்கு என்றேன்.

“முடிய எவ்வளவு நாளாகும்?”

அமாவாசை கழியும் என்றேன்.

“சரி,” என்று சொல்லிவிட்டு வேலியோரம் போய், அமாவாசை கழியும்வரை எழாதவள்போல் அமர்ந்தாள்.

அந்தச் ‘சரி’யைக் காதில் வைத்துக்கொண்டே மேலும் இரண்டு வரி எழுதினேன். மூன்றாம் வரியில் எழுத்தாணி ஏட்டைக் கிழித்தது. எழுந்து வெளியே சென்று, அவள் கணவன் வராமைக்குக் காரணம் என் மடியில் இருந்த சுவடிதான் என்று அவளிடம் சொன்னேன். ஏசுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தேன். அதற்கு உரியவனாகவே நின்றேன். அவள் சுவடியைத்தான் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை.

“இதைக் குடுத்தா விட்டுடுவாங்களா?”

விடுவார்கள் என்றேன்.

“அப்போ குடுங்க. நானே கொண்டு போறேன்.”

தூதர் இருக்கிறார், குதிரை இருக்கிறது என்றேன்.

“குதிரை பாலத்தைச் சுத்திப் போகணும். என் ஓடம் நேரே போகும்,” என்றாள். பிறகு, “நனையலாமா இது?” என்று கேட்டாள்.

கூடாது என்றேன். தலையசைத்தாள்.

அரண்மனை சென்று மன்னரிடம் எல்லாவற்றையும் கூறினேன். அவர் இவ்வோலை எழுத இசைந்தார். ஆகவே தேவரீர், மழைக்குறி இவ்வோலையோடு வருகிறது. என் வீட்டில் இனி எழுத்துள்ள ஏடு என்று எஞ்சியிருப்பது முற்றுப்பெறாத அந்தக் கிழிந்த படி ஒன்றே. அதையும் வேண்டுமெனில் அனுப்புவேன். காரிநங்கை செய்தது என் பொருட்டுச் செய்தது. அதற்குத் தண்டம் உண்டெனில் என் பெயரில் விதித்தருள்க.

தேவரீர் வினாவுக்கு விடை இது. ஏர்நூல் கூறியது பொய்யன்று, அரைகுறை. பிழை என் குறிப்பில் உள்ளது. “பொய்” என்னும் சொல்லைக் கீறிவிட்டுத் தேவரீர் திருக்கையாலேயே “அரைகுறை” என்று எழுதிக்கொள்க. அவ்வோரங்களில் இன்னும் இடம் நிறைய உண்டு. யான் தவறிய வேறு இடங்களும் இருக்கும். காணும்தோறும் எழுதுக.

எம் படை எரித்தவற்றிற்கு என் சுவடிகள் ஈடாகும் என்று கருதி வாங்கினீர். அவற்றைப் பிரித்துப் படித்திருக்கும் தேவரீர், தந்தையார் அமர்ந்து நோக்கிய சாம்பலில் இருந்தவை அவற்றுள் இல்லை என்பதை இந்நேரம் கண்டிருப்பீர். என்னால் தர இயன்றது என்னிடம் இருந்ததுதான். அதைத் தந்தேன். ஏடுகளைக் காண ஆண்டுக்கொரு முறை வேயூர் வரலாம் என்று அருள்செய்திருந்தீர். வருவேன் என்று எழுதினேன். வந்தால் திரும்ப மனம் வருமோ என்று அஞ்சி அழித்தேன். வரமாட்டேன் என்று எழுதினேன், அதையும் அழித்தேன். அவ்விடத்தை வெற்றிடமாக விட்டு மேலே செல்கிறேன்.

இனி ஆணை. காழியாற்று இக்கரைக் காவலர், இவ்வோலை கொண்டுவரும் ஓடக்காரி வேம்பியை எவ்வகைச் சோதனைக்கும் சுங்கத்துக்கும் நிறுத்தாது விடுக. இது எழிலரைய மன்னர் ஆணை. அக்கரைக் காவலரும் அவ்வாறே விடும்படி தேவரீர் கட்டளையிட்டருள்க; இது அவர்தம் வேண்டுகோள். சுவடியைப் பிரித்து ஏடேடாக எண்ணிப் பார்க்கும் உரிமை தேவரீர்க்கு உண்டு. அதை எண்ணும்வரை அவளைக் கரையில் காக்கவைக்காதிருக்க. முதலில் நாகனை அவள் ஓடத்தில் ஏற்றுக, மற்ற ஓடக்காரரையும் துறைக்கு விடுக, அதன்பின் எண்ணுக. ஓர் ஏடு குறைந்தாலும் அவர்களுக்கு மாறாக யான் நேரில் வந்து சிறைபுகுவேன்.

நாடும் நகரும் கோலும் குடையும் வாழ்த்தி முடிப்பது ஓலைநாயகத்தின் மரபு. வாழ்த்துகள் இன்னும் பல உள. ஆனால் வேம்பி சுவடியை மெழுகுத்துணியில் சுற்றி, வாய் குறுகிய மண்பானையில் இறக்கி, பானையை ஓடத்தின் நடுக்கட்டையில் கட்டிவிட்டாள் என்றும், கயிற்றை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு ஓலைக்காகத் துறையில் நிற்கிறாள் என்றும் ஆள் வந்து சொல்கிறான். ஆதலால் இவ்வளவோடு நிறுத்தி, ஏர் பொறித்த இலச்சினை இடுகிறேன்.